டயானாவின் நம்பர்

நாங்கள் மந்தைவெளிக்குக் குடி வந்த அன்று, எங்களுக்கு முன்பே எங்கள் பார்சல் வந்து காத்துக்கொண்டிருந்தது.

பட்டினப்பாக்கத்தில் நாங்கள் இருந்த ஹவுசிங் போர்டு வீடுகளை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி எல்லோரையும் காலி செய்ய வைத்துவிட்டார்கள். மூன்று மாதம் நாயாய் அலைந்து, மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன் ஒன்றைப் பிடித்தேன். பழைய வீடு. படிக்கட்டில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும், அந்த விளக்கும் எரியவில்லை. கீழ்ப்பகுதியை ஒரு வெங்காய வியாபாரி குடோனாக வைத்திருந்தார். சாமான்கள் குட்டி யானை வண்டியில் முன்னால் போக, என் மகள் அமலியை பைக்கில் வைத்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். மாமனார் வேதநாயகம் ஆட்டோவில் வந்தார். இவ்வளவுதான் எங்கள் குடும்பம். என் மனைவி டயானா இறந்து மூன்று வருடம் ஆகிறது. டெங்கு. வியாழக்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள், செவ்வாய்க்கிழமை இல்லை.

பார்சல் மாடிக் கதவுக்கு வெளியே தரையில் இருந்தது. பழுப்பு அட்டைப் பெட்டி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் பெயர், டயானா அறிவு. அறிவு நான்தான். கீழே எங்கள் புது விலாசம் சரியாக இருந்தது. அடையாளம் என்ற இடத்தில் 'பச்சைக் கதவு' என்று அச்சாகியிருந்தது.

அந்தக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. கைவைத்தால் ஒட்டியது.

"மாமா, நீங்க எதுனா ஆர்டர் போட்டீங்களா?" என்று வேதநாயகத்திடம் கேட்டேன்.

"எனக்கு போன எடுக்கவே தெரியாது மாப்ள. நானா போடப் போறேன்?"

பெட்டிக்குள் ஒரு ஜோடி கறுப்பு ஸ்கூல் ஷூ. அமலி அங்கேயே படியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பழைய ஷூ இரண்டு வாரமாகக் கடிக்கிறது என்று அப்போதுதான் என்னிடம் சொன்னாள். பெற்ற அப்பனுக்குத் தெரியாதது இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்லிவிட வேண்டும்.

நான் தி.நகரில் ஒரு நான்கு மாடிக் கடையில் பில்லிங் கவுன்ட்டரில் இருக்கிறேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளரின் மொபைல் நம்பரை அடிக்காமல் பில் வெளியே வராது. 'சொந்தம்' என்று ஒரு திட்டம். யார் என்ன வாங்கினாலும் அது அவர்கள் நம்பரில் போய்ச் சேரும். பாயின்ட் கூடினால் அதுவே ஏதாவது பரிசு அனுப்பும். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் நம்பர் தர மாட்டார்கள். "ஜட்டி வாங்க வந்தா போன் நம்பர் எதுக்குய்யா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும், சூப்பர்வைசர் முறைப்பார். அதனால் பில்லிங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் கைவசம் ஒரு நம்பர் வைத்திருப்போம். கேட்காமலேயே அதை அடித்து ஆளை அனுப்பிவிடுவோம். ஒன்பதையே பத்துத் தடவை, எட்டையே பத்துத் தடவை அடித்தால் மெஷின் ஏற்காது. உபயோகத்தில் இருக்கும் நம்பராக வேண்டும்.

நான் டயானாவின் நம்பரை அடித்தேன்.

அவள் போன பிறகும் அந்த சிம்முக்கு வருடாவருடம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். எடுத்துப் போட மனசு வரவில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாத நம்பர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. ஒரு நாளைக்கு நாற்பது முறை அந்தப் பத்து எண்களை என் விரலால் அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் மட்டும் அவள் எங்கேயோ இருக்கிறாள், நான் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று இருக்கும்.

என் சொந்த நம்பரை மட்டும் எந்தக் கடையிலும் நான் கொடுத்ததில்லை. கொடுத்தால் அது எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியுமே. அமலியின் பள்ளியில் கேட்டார்கள், அங்கே மட்டும் கொடுத்தேன். பிள்ளையை அழைத்துப் போக வாசலில் சொல்ல வேண்டிய ரகசிய எண், கோடு என்பார்கள், பள்ளியின் ஆப்பில் அந்த நம்பருக்குத்தான் தினமும் வரும்.

*

பள்ளி சாந்தோமில். தினமும் மூன்று மணிக்கு சூப்பர்வைசரிடம் பெர்மிஷன் கேட்டுவிட்டு பைக்கில் போவேன். அமலியை அழைத்து வந்து வீட்டில் விட்டு, நாலரைக்குள் கடைக்குத் திரும்பிவிடுவேன். மாமா வீட்டில் இருப்பார். ஆனால் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் ஐந்து மணிவரை அவரை இடியே வந்தாலும் எழுப்ப முடியாது. நாற்பது வருடம் விடிகாலையில் கடலுக்குப் போன உடம்பு.

குடி வந்த நான்காவது நாள் இரண்டாவது பார்சல் வந்தது. காதில் விடும் சொட்டு மருந்து.

அமலியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காது வலிக்குதா உனக்கு?"

"ரெண்டு நாளா வலிக்குது நைனா. இந்தப் பக்கம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாகிட்ட சொல்லிட்டேனே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா எப்ப வந்துச்சு?"

"நீ வுட்டுட்டு கடைக்குப் போவல்ல, அதுக்கு அப்புறம். தாத்தா தூங்கிக்கினு இருக்கும்."

"வந்து இன்னா பேசும்?"

"ரொம்ப பேசாது. கதவுக்கு அந்தாண்ட நின்னுக்கினு கேக்கும். ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு கேக்கும். நான் சொல்லுவேன். போய்டும்."

"இன்னா கேட்டுச்சு?"

விரல் விட்டு எண்ணினாள். "ஃபர்ஸ்ட் நாளு எந்தக் காது வலிக்குதுன்னு கேட்டுச்சு. நேத்து என் ஃப்ரெண்டு பேரு. இன்னிக்கு நான் எத்தினி மணிக்கு குளிக்கிறேன்னு."

பென்சிலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா மாரிதான் பேசுது நைனா. ஆனா அதுக்கு எது புடிக்கும்னு அதுக்கே தெரியல. ஒரு நாளு கறியே துன்ன மாட்டேன்னுது. இன்னொரு நாளு பிரியாணி வேணும்னுது."

அம்மாவை இழந்த பிள்ளை என்னத்தையோ கற்பனை செய்கிறது என்று நினைத்தேன். நினைக்க முயன்றேன் என்பதுதான் சரி. பார்சலைக் கற்பனை என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுநாள் அமலியை வீட்டில் விட்டபின் கடைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று போனில் சொல்லிவிட்டு உள் அறையில் உட்கார்ந்துகொண்டேன். மழை வருவேன் வருவேன் என்று பயம் காட்டிக்கொண்டிருந்த நாள். காற்றே இல்லை. மார்க்கெட்டில் யாரோ ஒலிபெருக்கியில் தக்காளி விலையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமாவின் குறட்டை கேட்டது. கூடத்தில் அமலி ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், போனைப் பார்த்தேன்.

நான்கு மணிக்கு ஒலிபெருக்கி நின்றது.

படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம்.

ஒரு கால் ரப்பர் செருப்பு. இன்னொரு கால் தோல் ஷூ. அடுத்த படியில் கொலுசு கேட்டது. அதற்கடுத்த படியில் கொலுசு இல்லை, கைத்தடியின் டக்கென்ற ஒலி. அதற்கும் அடுத்ததில், நடை பழகும் குழந்தைக்குப் போட்டுவிடும் பீப்பீ செருப்பு.

ஏறி வருவது ஒரே ஆள்தான். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பிறகு வாசனை வந்தது. முதலில் பிரிக்காத புதுத்துணியின் கஞ்சி வாசனை. கடையில் பத்து வருடமாக நான் சுவாசிக்கிற அதே வாசனை. அதற்குள் பேபி பவுடர், பினாயில், நெஞ்சில் தேய்க்கும் தைலம், அத்தர், ஊதுவத்தி. எல்லாம் கலந்து கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து குமட்டியது.

சத்தம் கதவுக்கு வெளியே நின்றது.

தட்டவில்லை.

அமலி எழுந்து போனாள். கதவில் காதை வைத்துக் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு இடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"பின்கேட்டு."

நான் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. இறங்கும் சத்தமும் இல்லை. ஆனால் மாடிப்படி முழுக்க, மேலிருந்து கீழ்வரை, துணியில் விலைச்சீட்டு மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் கொட்டிக் கிடந்தன. நூறு இருக்கும், இருநூறு இருக்கும். யாரோ நடந்து வரும்போதே உடம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்ட மாதிரி.

"இன்னா கேட்டுச்சு?" என்றேன்.

"ஸ்கூல்ல மெயின் கேட்ட தவுத்து வேற கேட்டு கீதான்னு."

*

அடுத்த கவுன்ட்டரில் இருக்கும் ஹம்மாத் திருவல்லிக்கேணிக்காரன். எட்டு வருட சிநேகிதம். மறுநாள் காலை கடை திறக்குமுன் அவனைப் பிடித்தேன். தலைமை கேஷியரின் கம்ப்யூட்டரில் ஒரு நம்பரை அடித்தால் அந்த வாடிக்கையாளரின் முழுப் பக்கமும் வரும். அதை அவன்தான் திறந்து காட்டினான்.

டயானாவின் பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஹம்மாத் உருட்ட உருட்ட முடியவில்லை. சர்க்கரை மாத்திரை வாங்கியிருந்தாள். பால் பவுடர் வாங்கியிருந்தாள். மடிசார் புடவையும் வாங்கியிருந்தாள், புர்காவும் வாங்கியிருந்தாள், கிறிஸ்துமஸ் கவுனும் வாங்கியிருந்தாள். செருப்பு ஆறாம் நம்பர், எட்டாம் நம்பர், பத்தாம் நம்பர். வயது என்ற இடத்தில் எட்டிலிருந்து எழுபத்தொன்றுவரை என்று இருந்தது. முந்தின நாள் மட்டும் இருநூற்றுப் பதினெட்டு முறை வந்து போயிருந்தாள்.

"நான் ஒரு நாளைக்கு நாப்பதுதான்டா போடுவேன்," என்றேன். "மீதி யாரு?"

ஹம்மாத் தலையைச் சொறிந்தான். "இன்னா மச்சி, தெரியாத மாரி கேக்குற. நீதான ஒரு தபா எனக்குக் குடுத்த. நம்ம ஃப்ளோர் பூரா அதான் ஓடுது. எதிர மெடிக்கல்ல என் தம்பி கீறான், அவனுக்கும் சொன்னேன். அடையாறு பிராஞ்ச்ல கேட்டாங்க, குடுத்தேன். நல்ல நம்பர் மச்சி. இத்தினி வருசத்துல யாருமே போன் பண்ணி திட்டல."

அப்போது எனக்கு விளங்கியது. இந்த ஊரில் என் பெயரைச் சொல்ல மாட்டேன், என் நம்பரைத் தர மாட்டேன் என்று சொன்ன அத்தனை பேரையும் நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரே பெண்ணாக ஆக்கியிருக்கிறோம். அவர்கள் உடுத்தது, தின்றது, அவர்கள் நோய், அவர்கள் பண்டிகை எல்லாவற்றையும் என் பெண்டாட்டியின் தலையில் கட்டியிருக்கிறோம். மூன்று வருடமாக அவளைப் படுக்க விடவில்லை.

பக்கத்தின் அடியில் குடும்பம் என்று ஒரு கட்டம் இருந்தது. மகள், அமலி, ஒன்பது வயது. அப்பா, பெயர் கேட்க வேண்டும். மகளுக்கு நேராக மட்டும் பச்சைக் குறி.

கணவர், தகவல் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். டயானா அவருக்கு ஒரே பெண். இவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கையில் அவரே ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும் மாப்ள. ரெண்டு மூணு நாளா தூங்குற மாரி கொறட்ட வுட்டுக்கினு முழிச்சுதான் படுத்துக்கினு இருக்கேன். குரலு அவ குரலுதான். வந்தா வரட்டும், என் பொண்ணுதானன்னு உன்னாண்ட சொல்லாம இருந்தேன்."

"மாமா, அது..."

"இரு. இன்னிக்கு நானே கதவாண்ட போய் குந்தினேன். டயானான்னு கூப்ட்டேன்." கதவைத் திரும்பிப் பார்த்தார். "அப்பறம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, உங்க பேரு இன்னான்னு கேட்டா மாப்ள. அப்பன் பேர அப்பனாண்டயே கேக்குறா."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். பொண்ணு கேட்டா சொல்ல மாட்டனா?"

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

*

அடுத்த நாள் கடையின் பின்புறம், அட்டைப்பெட்டிகள் போட்டிருக்கும் சந்தில் நின்று 'சொந்தம்' அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஏழு முறை பட்டனை அமுக்கச் சொல்லி, பாட்டுப் போட்டு, கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஒரு நம்பர அழிக்கணும்மா. அவங்க இறந்துட்டாங்க."

"ரொம்ப வருத்தம் சார். இறப்புச் சான்றிதழ் அனுப்ப முடியுங்களா?"

டயானாவின் சான்றிதழைப் போட்டோ எடுத்து என் போனில் வைத்திருந்தேன். அவள் சொன்ன இடத்தில் ஏற்றினேன். இறந்தவர் பெயரும் கணவர் பெயரும் அதில் தெளிவாக இருந்தன. அந்தப் பெண் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சு சார். இந்தக் குடும்பத்துல ஒருத்தர் தவறிட்டாங்கன்னு சிஸ்டம் எடுத்துக்கிச்சு. ஆனா சார், மேடம் ஆக்டிவா இருக்காங்களே. இன்னிக்குக் காலையில மட்டும் அறுபது இடத்துல இருந்திருக்காங்க."

"அதெல்லாம் நாங்க போட்டதும்மா. பில்லுக்காக."

"அத நான் மாத்த முடியாது சார். எது சரின்னு சிஸ்டமே ஒப்பிட்டுப் பாத்து நாளைக்குள்ள அப்டேட் பண்ணிடும். எங்களோட இணைஞ்ச கடைங்க, மெடிக்கல், ஸ்கூல் ஆப், எல்லாத்துலயும் அதுவே மாறிடும்."

"ஸ்கூல் ஆப்பா?"

"ஆமா சார். சாந்தோம் ஸ்கூல்ல பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போக கோடு வருதில்ல, அது நம்மளுதுதான்." மறுபடியும் விசைகளைத் தட்டினாள். பிறகு குரல் பிரகாசமானது. "சார், மேடமே இப்ப இன்னொரு லைன்ல இருக்காங்க. கனெக்ட் பண்றேன், பேசிடுங்க."

வேண்டாம் என்று சொல்லுமுன் பாட்டு வந்தது. பாட்டு நின்றது.

மூச்சுச் சத்தம்.

நிறையப் பேர் ஒரே சமயத்தில் மூச்சு விடும் சத்தம்.

அதற்கு மேலே டயானாவின் குரல். மூன்று வருடம் கழித்துக் கேட்கிறேன். 'ர' வரும்போது லேசாகக் கரகரக்கும் அதே குரல். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள். "நீங்க யாரு?"

டயானா ஒருநாளும் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டவள் இல்லை.

வாய்வரை வந்தது. அறிவு, உன் புருஷன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து வருடமாகப் பழகிய புத்தி. கேட்கிறவர்களுக்கு நம்மைப் பற்றி எதையும் தரக்கூடாது என்றே பழகியவன் நான். போனை அணைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அமலிக்குத் தலை பின்னும்போது அவளைத் திருப்பி உட்கார வைத்தேன்.

"இனிமே யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்லாத. இன்னா கேட்டாலும் சரி. நம்ம வூட்டப் பத்தி, என்னப் பத்தி, ஒரு வார்த்த சொல்லக் கூடாது. பெரியவங்க கேட்டாலும் சரி. புரியுதா?"

"அம்மா கேட்டா?"

"அம்மா கேட்டா கண்டிப்பா சொல்லாத."

"பாவம் நைனா அது."

"என் மேல சத்தியம் பண்ணு."

என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அன்றைக்கு நிம்மதியாகக் கடைக்குப் போனேன். பல நாள் கழித்து வந்த நிம்மதி.

டயானாவின் சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இரண்டரை மணிக்கு அது ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'அன்புள்ள டயானா, உங்கள் கணவர் அறிவு அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். சொந்தம் குடும்பம்.'

முட்டாள் மெஷின் என்று திட்டினேன். சிரிக்கக்கூடச் செய்தேன். ஹம்மாத்திடம் காட்டலாம் என்று திரும்பியபோதுதான் உறைத்தது. ஒரு வீட்டில் ஒருவர் இறந்திருக்கிறார். ஒருத்தி தினமும் இருநூறு இடத்தில் பொருள் வாங்குகிறாள். இன்னொருவன் பெயரில் மூன்று வருடமாக ஒரு தீப்பெட்டிகூட இல்லை. எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் நானே என்ன முடிவுக்கு வருவேன்?

எல்லாத்துலயும் அதுவே மாறிடும் என்று அந்தப் பெண் சொன்னது காதில் கேட்டது.

என் போனில் பள்ளியின் ஆப்பைத் திறந்தேன். திறக்கவில்லை. இந்த நம்பர் எங்களிடம் இல்லை என்றது.

பெர்மிஷன் கேட்காமல் ஓடினேன். தேனாம்பேட்டை சிக்னலில் மாட்டினேன், ஆழ்வார்பேட்டையில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றினேன், லஸ்ஸில் ஒரு ஆட்டோக்காரரிடம் வசவு வாங்கினேன். சட்டைப்பையில் அந்த போன் விடாமல் அதிர்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு அதிர்வும் எங்கேயோ ஒரு கவுன்ட்டரில் யாரோ அவள் நம்பரை அடிப்பது.

பள்ளி வாசலில் போய் இறங்கியபோது மணி மூன்று இருபது. பிள்ளைகள் வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் லாரன்ஸ் கையில் பள்ளி ஆப் ஓடும் டேப்புடன் நின்றார். நான்கு மாதமாக தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறவர்.

"லாரன்ஸ் அண்ணே, அமலிய அனுப்புங்க. அவசரம்."

"கோடு சொல்லுங்க சார்."

"கோடு வரல. என்னத் தெரியாதா உங்களுக்கு?"

டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் டேப்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"சார், இதுல... அந்தப் பாப்பாவோட அப்பா எறந்துட்டாருன்னு கீது சார்."

"நான்தான் அண்ணே அவ அப்பா. உங்க முன்னாடி நிக்கிறேன்."

"மூஞ்ச பாத்தா தெரியிது சார். ஆனா நான் இன்னா பண்ண முடியும்? இதுல இல்லாத ஆளாண்ட புள்ளைய குடுத்தா என் வேல பூடும். போன மாசம்தான் பக்கத்து ஸ்கூல்ல புள்ளைய தூக்கப் பாத்தாங்க." சொல்லிக்கொண்டே சின்ன கேட்டை இழுத்து உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். "அவங்க அம்மா வந்துட்டாங்க சார். கோடெல்லாம் கரெக்டா சொல்லிட்டாங்க."

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அமலி வந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இடது கை பக்கவாட்டில் தூக்கியிருந்தது, உயரமான யாரோ பிடித்துக்கொண்டு நடத்தி வருவதுபோல. அந்தப் பக்கம் யாரும் இல்லை. புதுத்துணிக் கஞ்சியும் தைலமும் பேபி பவுடரும் வெயிலில் குப்பென்று வந்தன.

"அமலி," என்று கத்தினேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தாள். கம்பிவரை வந்தாள். நான் கையை உள்ளே விட்டு அவள் பினோஃபார்மைப் பிடிக்கப் போனேன். பின்னால் இருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பற்றினார்கள். "யாருப்பா நீ? புள்ளைய எதுக்குப் புடிக்கிற?" இன்னொருவர் என் முழங்கையை முறுக்கினார். பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

"அவரு ஸ்கூலுக்கு வர்றவருதான், அடிக்காதீங்க," என்று லாரன்ஸ் உள்ளிருந்து சத்தம் போட்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. குனிந்து அமலியிடம் கேட்டார்.

"பாப்பா, நீயே சொல்லு. இவரு யாரு? அப்பான்னு ஒரு வார்த்த சொல்லு, நான் ஆபீஸ்ல பேசி வுட்டுடறேன்."

அமலி லாரன்ஸைப் பார்த்தாள். தன் இடது பக்கம் அண்ணாந்து பார்த்தாள். அங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்டார்களோ என்னவோ. பிறகு என்னைப் பார்த்தாள்.

உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா," என்றேன். "பரவால்ல, சொல்லு. நான்தான சொல்றேன்."

அவள் மெல்லத் தலையாட்டி மறுத்தாள். கண்ணில் அப்படி ஒரு பெருமை. நான் சோதித்துப் பார்க்கிறேன், தான் ஏமாறவில்லை என்று நினைத்துக்கொண்டாள் என் பிள்ளை.

லாரன்ஸ் நிமிர்ந்தார். அமலிக்கு இடது பக்கம், ஓர் ஆள் உயரத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தார். அங்கே சொல்லப்பட்ட எதையோ கேட்டுக்கொண்டார். பிறகு தொப்பியைச் சரிசெய்தார்.

"சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, பின்கேட்டைத் திறக்கச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.